தீர்மான நோட்டும் வெற்றிக் கதையும்

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி எழுதப்படும் ‘வெற்றிக் கதை’யை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு வெளியிடும் சிறப்பு மலர்கள், தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், வங்கிகளின் விளம்பரக் கையேடுகள் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது எழுதப்பட்டு வருகிறது. இலக்கணம் மாறவே இல்லை. முதல் பத்தியில் ஒரு பெண் இருப்பாள். அவள் கணவன் குடிப்பவன், இல்லையென்றால் இறந்துபோனவன். இரண்டாம் பத்தியில் ஓர் அக்கா வந்து குழுவில் சேரச் சொல்வார். மூன்றாவதில் கடன் கிடைக்கும். நான்காவதில் கறவை மாடோ தையல் இயந்திரமோ வரும். கடைசிப் பத்தியில் அவளே பேசுவாள்: ‘முன்னாடி வீட்டை விட்டு வெளியே வரவே பயமா இருக்கும், இப்ப கலெக்டர்கிட்டயே தைரியமா பேசறேன்.’

அவள் கலெக்டரிடம் என்ன பேசினாள் என்பது நான் படித்த ஒரு கதையிலும் இல்லை.

கடனுக்கு என்ன வட்டி, எத்தனை தவணை, மாடு சினை பிடிக்காமல் போனால் யார் கட்டுவது என்பதும் இருக்காது. இந்த விடுபடல்களைக் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியவில்லை. கதையின் மையச் சொல் ‘சுயசார்பு’. அந்தச் சொல் நிற்க வேண்டுமென்றால், அவளைச் சுற்றியிருக்கும் அரசும் வங்கியும் கம்பெனியும் யாரைச் சார்ந்து நிற்கின்றன என்ற கேள்வி வரக்கூடாது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது எளிது. தமிழ்நாட்டில் இந்தக் கதை தொடங்கியதே இந்த மாவட்டத்தில்தான்.

1989 செப்டம்பரில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் குழுக்கள் முதன்முதலாக அமைக்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதுவரை ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் தளியும் அஞ்செட்டியும் தருமபுரிதான். திட்டத்துக்குப் பணம் கொடுத்தது ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, ஐ.நா. சபையின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம். நடத்தியது 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். கடன் கொடுத்தது இந்தியன் வங்கி. கிராமங்களில் குழுக்களை உருவாக்கும் வேலை தொண்டு நிறுவனங்களுடையது. பெங்களூரிலிருந்து இயங்கும் மைராடா அவற்றில் முக்கியமானது. 1968இல் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காகத் தொடங்கப்பட்டு, பிறகு கிராம வளர்ச்சிக்குத் திரும்பிய நிறுவனம் அது. அடுத்த சில ஆண்டுகளில் திட்டம் சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று விரிந்தது. 1997-98இல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது. நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது 1992இல். ஆக, நாடே பின்னால் எடுத்துக்கொண்ட ஒரு பழக்கத்தை முதலில் பழகிப் பார்த்தவர்களில் இந்தப் பக்கத்துப் பெண்களும் உண்டு.

இங்கே ஒரு விவரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரோமிலிருந்து வந்த பணம் நன்கொடை இல்லை, கடன். அந்த நிதியம் அப்போது இந்தியா போன்ற நாடுகளுக்குக் கொடுத்துவந்தது மிகுந்த சலுகைக் கடன். அதற்கு வட்டி என்று ஒன்று கிடையாது. சேவைக் கட்டணம் என்ற பெயரில் ஒரு சிறு தொகை மட்டும் உண்டு. அசலைத் திருப்பத் தொடங்குவதற்கே பல ஆண்டு அவகாசம்; முழுக்க முடிக்கப் பல பத்தாண்டுகள். அதாவது கடனை வாங்கிக் கையெழுத்திட்ட அதிகாரி ஓய்வுபெற்று, அவர் பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலம்வரை அரசு அதை நிதானமாகக் கட்டலாம்.

அதே திட்டத்தின் கீழ்முனையில் இருந்த பெண்ணுக்கு விதி வேறு. வாரா வாரம் கூட்டம், வாரா வாரம் சேமிப்பு. குழுவின் உள்கடனுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு வட்டி, ஆண்டுக் கணக்கில் 24 சதவீதம். இந்த வட்டி குழுவின் பொதுநிதிக்கே திரும்பி வருகிறது, வட்டிக்காரன் பைக்குப் போவதில்லை என்பது உண்மை. ஐந்து வட்டிக்கும் பத்து வட்டிக்கும் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலைதான். நான் கேட்பது வேறு. ஒரே பணம் மேலே கைமாறும்போது ‘வளர்ச்சி உதவி’ என்று பெயர் பெறுகிறது. அது கீழே இறங்கியதும் ‘கடன் ஒழுக்கம்’ ஆகிவிடுகிறது. மேலே வாங்கியவரை யாரும் சுயசார்புப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. கீழே வாங்கியவளுக்குப் பயிற்சி, தர மதிப்பீடு, மறுபயிற்சி.

1991இல் இந்திய அரசிடம் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே இருந்தது. ரிசர்வ் வங்கியின் தங்கத்திலிருந்து சுமார் 47 டன்னை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கியிடம் ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள். சர்வதேச நிதியத்திடமும் போனார்கள். தருமபுரி மாவட்டத்துப் பெண்கள் வாரம் சில ரூபாய் எடுத்துவைக்கக் கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை. கம்மலை அடகுக் கடையில் வைத்துவிட்டுத் துளசிக் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு வரும் பெண்ணுக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்திருக்காது. ஆனால் நாடு நகையை அடகு வைத்தபோது அதற்கு ‘சென்மதி நிலுவை நெருக்கடி’ என்று பெயர். அவள் வைத்தால் ‘நிதி மேலாண்மைத் திறன் இல்லாமை’. அதற்கு ஒரு நாள் முகாம், மதியம் பொட்டலச் சாப்பாடு.

ஓசூரின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970களில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டையைக் கொண்டுவந்தபோது தருமபுரி ‘தொழில்துறையில் பின்தங்கிய மாவட்டம்’. அந்த அடையாளத்தின் பேரில் வந்தவர்களுக்கு நிலம், சாலை, மின்சாரம், மானியம் எல்லாம் கிடைத்தன. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் இங்கே வளர்ந்தன. பெங்களூருக்குப் பக்கம், ஆனால் தமிழ்நாட்டுச் சலுகை என்ற இரட்டை லாபம். ஒரு பகுதி பின்தங்கியிருப்பது கம்பெனிக்குச் சலுகை கேட்கும் தகுதியாகிறது; அங்கே பிறந்த பெண்ணுக்கு அதுவே குறைபாடாகிறது. தொழிற்சாலைகளுக்கு அரசு உதவக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைகள் வந்தன, இன்று ராயக்கோட்டைப் பக்கத்தில் கைபேசிப் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் போகிறார்கள், 2022இல் ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து பழங்குடிப் பெண்களும் அழைத்துவரப்பட்டார்கள். ஆனால் சிப்காட் மனை வாங்கிய எந்த முதலாளியையும் ‘முதலில் ஆறு மாதம் ஒழுங்காகச் சேமித்துக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று யாரும் சொன்னதில்லை. சுய உதவிக் குழுவுக்கு அதுதான் முதல் விதி.

குடிதண்ணீரிலும் இதே கணக்குத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வளைவு. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மதிப்பு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். பணத்தில் பெரும்பங்கு ஜப்பான் அரசின் வளர்ச்சிக் கடன். குறைந்த வட்டி, நீண்ட தவணை. அந்தக் கடனை நான் வரவேற்கிறேன். கடன் வாங்கிக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது சரியான ஆட்சி. நாட்டுக்குக் கடன் தேவைப்படுவது அவமானம் இல்லை என்றால், அந்தத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவளுக்குக் கடன் தேவைப்படுவது மட்டும் ஏன் அவளுடைய குணத்துக்கு வைக்கப்படும் பரீட்சையாக வேண்டும்?

வெற்றிக் கதைக்கு எதிராக வைத்துப் படிக்க இன்னொரு பிரதி இருக்கிறது. ஒவ்வொரு குழுவிடமும் உள்ள தீர்மான நோட்டு. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி பக்கத்துக் கிராமங்களில் மாணவிகளோடு போய் உட்கார்ந்து பல நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். நீள நோட்டு, அட்டையில் காலண்டர் சாமிப் படம், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துகளும் பெருவிரல் ரேகைகளும். இதைப் பெண்களின் எழுத்து என்று நம்முடைய இலக்கிய வரலாறுகள் எதிலும் சேர்த்து நான் பார்த்ததில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் பெண்கள் வாராவாரம் சேர்ந்து உண்டாக்கிய வேறொரு எழுத்து உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் நடை அலுவலக நடை. ‘இன்று குழுக் கூட்டம் ஊக்குநர் தலைமையில் நடைபெற்றது. வந்திருந்த அனைவரையும் பிரதிநிதி வரவேற்றார்.’ பிறகு சேமிப்பு இவ்வளவு, சந்தா இவ்வளவு, அபராதம் இவ்வளவு. ‘மேற்கண்ட தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.’ இந்தப் பக்கத்தில் அந்த நடைக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கூட்டம் நடப்பது தெலுங்கிலோ கன்னடத்திலோ, சில ஊர்களில் உருதுவிலோ. நோட்டு மட்டும் தமிழில். எழுதுவது பெரும்பாலும் யாருடைய மகளோ, ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பவள். அம்மாக்கள் தெலுங்கில் ஒரு மணி நேரம் சண்டை போட்டதை அவள் நான்கு வரித் தமிழில் ‘ஒருமனதாக’ ஆக்குகிறாள். ஒரு கிராமத்தில் அப்படி எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் ‘அவங்க பேசினதெல்லாம் ஏம்மா எழுதல?’ என்று மாணவி ஒருத்தி கேட்டாள். ‘அதெல்லாம் எழுதினா மேடம் திட்டுவாங்க அக்கா’ என்றாள். எந்த மேடம் என்று நாங்கள் கேட்கவில்லை. நோட்டை யாராவது ஒரு மேடமோ சாரோ தணிக்கை செய்யத்தான் செய்வார்கள்.

ஆனாலும் நோட்டு முழுக்க வாயை மூடிவிடவில்லை. கடன் கோரிய காரணம் என்ற பத்தியில் திரும்பத் திரும்பக் கறவை மாடு. நோட்டில் வாங்கப்பட்ட மாடுகளெல்லாம் நிஜமாகவே வந்திருந்தால் தேன்கனிக்கோட்டை தாலுகாவில் மனிதர் நடக்க இடமிருந்திருக்காது. மாடு என்று எழுதினால் கடன் ‘உற்பத்திக் கடன்’ ஆகிறது. மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் கண் அறுவை, வற்றிப்போன போர்வெல், சீர்வரிசை, பழைய கடன் என்று எழுதினால் அது ‘நுகர்வு’. ஒரு பிள்ளையைப் படிக்கவைப்பதும் ஒரு கிழவிக்குக் கண் தெரியவைப்பதும் உற்பத்தி இல்லை என்று முடிவு செய்தது யார்? வீட்டுக்குள் பெண் செய்யும் வேலையைக் கணக்கில் சேர்க்காத அதே பொருளாதாரம்தான். பெண்கள் அந்தப் பத்தியில் மாட்டை எழுதிவிட்டு, வேண்டியதைச் செய்துகொண்டார்கள். அரசுப் படிவத்துக்கு என்ன பதில் பிடிக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு நிர்வாக அறிவுதான்.

நோட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய நோட்டுகளில், 90களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் எழுதப்பட்டவற்றில், கடனோடு தொடர்பில்லாத தீர்மானங்கள் அதிகம். தெருவிளக்கு எரியவில்லை. ரேஷன் கடை மாதத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது. சாராயம் விற்கிறார்கள். பள்ளிக்கு வாத்தியார் வருவதில்லை. காட்டோர நிலத்தில் யானை ராகியை மிதித்துவிட்டது, நஷ்டஈடு கேட்டு வனத்துறைக்கு மனு. இவற்றைத்தான் நான் ஆட்சி என்று சொல்வேன். பதினைந்து இருபது பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஊரின் குறைகளைப் பட்டியல் போட்டு, யாரிடம் போவது என்று முடிவு செய்கிறார்கள். 1996இல் தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, மனு எழுதவும் அலுவலகப் படியேறவும் ஏற்கெனவே பழகிய பெண்கள் கிராமங்களில் இருந்தார்கள் என்றால் அதில் குழுக்களுக்குப் பங்குண்டு. குழு இயக்கத்தை ‘உலக வங்கிச் சதி’ என்று ஒரே வரியில் தள்ளிவிடும் நம் தோழர்களோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். கணவனின் கையெழுத்து இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்கியவளிடம் போய் அந்த வரியைச் சொல்லிப் பார்க்கட்டும்.

புதிய நோட்டுகளில் அந்தத் தீர்மானங்கள் குறைந்துவிட்டன. இருப்பதெல்லாம் தவணை. பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன; அச்சிட்ட பதிவேடுகள் வந்துவிட்டன, பத்திகளும் கட்டங்களும் உள்ளவை. யானைக்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை.

ஏன் குறைந்தன என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. கூட்டத்துக்கு வருபவர்களே குறைந்துவிட்டார்கள். ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் கம்பெனி வண்டி விடிகாலையில் வந்துவிடுகிறது. ஆனால் பெரிய காரணம், குழுவுக்கு வெளியே இன்னொரு ‘குழு’ வந்துவிட்டது. நுண்நிதி நிறுவனங்களின் வாரக் கடன். வங்கி–குழு இணைப்புக் கடனுக்கு வட்டி மானியம் உண்டு, மூன்று லட்சம்வரை 7 சதவீதத்தில் கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் அதற்குத் தர மதிப்பீடு, தீர்மான நகல், மேலாளரின் கையெழுத்து, மாதக்கணக்கில் அலைச்சல். வாரக் கடனோ ஆதார் அட்டையோடு சில நாளில் கைக்கு வருகிறது. வட்டி 24 சதவீதத்தைச் சுற்றியும் அதற்கு மேலும். 2022 ஏப்ரலிலிருந்து நுண்கடன் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது; பதிலுக்கு, ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. வருமானத்தை யார் எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பது மாட்டுக் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் லோன் கொடுக்க வருபவர் முதலில் கேட்கும் கேள்வியைப் பல வீடுகளில் ஒரே மாதிரி சொன்னார்கள்: ‘வீட்ல கம்பெனிக்குப் போற பொண்ணு இருக்கா?’ மகளின் சம்பளம்தான் பிணை. பிணை இல்லாத கடன் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள்.

அந்தக் கடனின் இயந்திரம் குழு இயக்கத்திடமிருந்து எடுத்தது. ஐந்து பத்துப் பெண்கள், ஒருவருக்கொருவர் பொறுப்பு, ஒரு வீட்டின் முன்னால் சென்டர் மீட்டிங். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துவைத்திருப்பதும், ஒருத்தி வீட்டு அடுப்பு எரிகிறதா என்று மற்றவளுக்குத் தெரிவதும் 1989இல் ஒற்றுமைக்கான மூலதனமாகக் கருதப்பட்டது. இப்போது அதே அறிவு வசூலுக்குப் பயன்படுகிறது. வசூல்காரர் கத்த வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கத்துவார், தன் அடுத்த கடன் கெட்டுவிடுமே என்ற பயத்தில். வங்கதேசத்தின் கிராமங்களை ஆராய்ந்த லாமியா கரீம், பெண்ணின் மானம் கடனுக்கு ஈடாக வைக்கப்படுவதை 2011இல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டினார். 2006இல் முகம்மது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது நம் ஊர் மேடைகளிலும் கொண்டாடப்பட்ட அந்த முறையின் மறுபக்கம் அது. ஆந்திராவில் 2010இல் தற்கொலைகளுக்குப் பிறகு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் தனிச் சட்டம் வர 2025 ஆனது.

மாணவிகளுக்கு இரண்டு நூல்களைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் குழுக்களைக் களத்தில் ஆராய்ந்த க. கல்பனாவின் 2017 நூல், பெண்களுக்கும் வங்கிக்கும் அரசுக்கும் நடுவே நடக்கும் இழுபறியை உள்ளிருந்து காட்டுகிறது. அதில் வரும் பெண்கள் பாவப்பட்டவர்கள் இல்லை, மேலாளரோடு மல்லுக்கு நிற்பவர்கள். இசபெல் கெரன், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றி எழுதி 2023இல் வெளிவந்த நூல் இன்னும் கசப்பானது. குடும்பத்தின் கடனைக் கையாள்வது, அடைப்பது, அதற்காக உடலாலும் உறவாலும் விலை கொடுப்பது பெண்ணின் வேலையாக எப்படி ஆக்கப்பட்டது என்பதை அது பேசுகிறது. இரண்டும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டவை. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களில் எத்தனை பேர் கைக்கு அவை போகும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கடன் கட்ட முடியாத நாட்டுக்கும் கட்ட முடியாத பெண்ணுக்கும் என்ன நடக்கிறது என்பதை அருகருகே வைத்துப் பார்க்க இலங்கை போதும். போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. கணவனை இழந்த, காணாமல்போனவனைத் தேடிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் வாரத் தவணையில் சிக்கினார்கள். சிங்களக் கிராமங்களிலும் அதே கதை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது; நோய் அதோடு தீரவில்லை. 2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் எழாமல் இருந்தார்கள். கடன்களை ரத்து செய்யுங்கள் என்றார்கள். வாங்கிய கடனைக் கட்டாமல் ஏமாற்றப் பார்ப்பவர்கள் என்ற ஏச்சும் அவர்களுக்குக் கிடைத்தது.

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பிறகு மறுசீரமைப்புப் பேச்சு. ஆலோசகர்கள், வட்டிக் குறைப்பு, காலநீட்டிப்பு. நாட்டின் வாசலில் யாரும் இரவு ஒன்பது மணிவரை பைக்கை நிறுத்திவைத்து உட்கார்ந்திருக்கவில்லை. ஹிங்குராக்கொடைப் பெண்கள் கேட்டது அந்தப் பேச்சுவார்த்தையைத்தான், ஒரு வருடம் முன்னதாக. நாட்டின் மறுசீரமைப்புக்கான விலையும் வரியாக, மின்கட்டணமாக, அரிசி விலையாக அவர்களிடமே வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் சொற்கள் சற்றே நகர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் வங்கிகளிலும் குழுக்கள் வாங்கிய 2,756 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி என்று நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கு ‘உதவித் தொகை’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத் தொகை’ என்று வைத்தார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், மைக் முன்னால் நின்று ‘அரசின் உதவியைப் பெற்றேன்’ என்று நன்றி சொல்லும்படி ஒரு நாளாவது நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள். உரிமை என்ற சொல்லுக்கு நன்றியுரை தேவையில்லை. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் வந்த மறுநாளே தவணைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று கிராமங்களில் சொன்னார்கள். உரிமையாக வருவதும் வாரக் கடன்காரரின் பைக்கே போய்விட்டால், அரசு யாருக்கு மானியம் கொடுக்கிறது? நகரத்துப் பெண்ணியக் கூட்டங்களில் ஆயிரம் ரூபாய் போதுமா போதாதா என்று வாதிடுகிறோம். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று இன்னும் நாம் கேட்டுப் பழகவில்லை.

கட்டணமில்லாப் பேருந்துத் திட்டத்தைப் பற்றியும் பெட்டமுகிலாளம் மலைப் பக்கத்துப் பெண்கள் இதே தொனியில்தான் பேசினார்கள். ‘டிக்கெட் வேணாம்னு சொல்லிட்டாங்க, சரி. பஸ்ஸு?’ மலைக் கிராமங்கள் பலவற்றில் நிலைமை அது. பிரசவ வலி வந்தால் வண்டி வாடகைக்கு உடனே பணம் வேண்டும். அந்தப் பணம் கடன். அந்தக் கடன் வாரக் கடன். சாலை இல்லாத செலவு இப்படித்தான் ஒரு பெண்ணின் கணக்கில் ஏறி ‘நுகர்வு’ ஆகிறது. ஊராட்சி போட வேண்டிய சாலை, சுகாதாரத் துறை நிறுத்த வேண்டிய வண்டி, ரேஷன் கடையில் சரியாக வர வேண்டிய அரிசி எல்லாம் தவறும்போது, ஒவ்வொன்றின் விலையையும் ஒருத்தி தனியாகக் கடன் வாங்கிக் கட்டுகிறாள். அதற்குப் பெயர் சுயசார்பு என்றால், அந்தச் சொல்லால் அரசுக்குத்தான் ஆதாயம். வெற்றிக் கதைகள் சொல்லாமல் விட்டது இதையெல்லாம்தான்.

நாங்கள் பார்த்த நோட்டுகளில் ஒன்று மட்டும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பழைய நோட்டு, ஓரம் எலி கடித்தது. அதில் ஒரு தீர்மானம், கிட்டத்தட்ட இப்படி: நம் ஊருக்கு வரும் சாலைக்கு எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது என்ற கணக்கை ஊராட்சியிடம் கேட்பது, நாம் நம் கணக்கை மாதா மாதம் காட்டுவதுபோல அவர்களும் காட்ட வேண்டும். கீழே பதினான்கு கையெழுத்துகளும் மூன்று ரேகைகளும். மனு போனதா என்று குழுவின் பழைய ஊக்குநரைக் கேட்டோம். போனது என்றார். பதில் வந்ததா என்று கேட்டதற்குச் சிரித்தார். ‘அடுத்த மாசம் எங்க நோட்டைத்தான் ஆடிட்டுக்குக் கேட்டாங்க.’